புறக்கதவில் லாரன்ஸ்

நாள் 212, காலை 9.10

நிலவின் தென்முனை, பனிச்சுரங்க நிலையம். எழுதுவது சுடலைவடிவு, கணினிப் பராமரிப்பு. இங்கே இரண்டே பேர்: நானும் சுரங்க வண்டி ஓட்டும் லாரன்ஸும். மின்கலம், கணினி வட்டு, விளக்குகள் எல்லாம் சரி. லாரன்ஸ் ஆறு மணிக்கே பனி வெட்டப் போய்விட்டான். நேற்று என் நார்த்தங்காய் ஊறுகாயை வழித்து நக்கிவிட்டு பாட்டிலைக்கூடக் கழுவி வைக்கவில்லை, தடிமாடு. அதிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது.

இதைக் கணினியில் எழுதவில்லை, என் கைப்பலகையில் எழுதுகிறேன். பூமியில் இருக்கும் தரை அலுவலகத்துக்காரர்கள் எதையும் விட்டுவைக்காமல் மோப்பம் பிடிப்பார்கள். பின்னால் யார் கையில் கிடைத்தாலும் படித்துக்கொள்ளட்டும்.

நாள் 212, பகல் 12.40

லாரன்ஸ் புறக்கதவுக்கு வெளியே நிற்கிறான். வானொலியில் அவன்: “அக்கா, கதவு தொறக்க மாட்டேங்கு. பேரு போட்டேன், பாஸ்வேர்டும் போட்டேன். ஹோம் டைரக்டரி இல்லன்னு எழுதி வருது.”

இங்கே கதவுகளுக்குச் சாவி கிடையாது, லாகின்தான். கணினியில் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு டைரக்டரி, அதாவது அவரவர் கோப்புகள் இருக்கும் இடம், உண்டு. அதிலிருந்து ஆளின் உடல் அளவுகளைப் படித்த பிறகே புறக்கதவை ஒட்டிய கதவறை காற்றை நிரப்பும். அது இல்லையென்றால் உள்ளே இருப்பவர் தலைகீழாக நின்றாலும் திறக்காது.

கொஞ்சம் நிற்கட்டும் என்று முதலில் சிரித்தேன். உடையில் இரண்டு மணி நேரக் காற்றுதான் மிச்சம் என்றான். எழுந்து ஓடினேன்.

நாள் 212, பகல் 1.05

கணினி இருக்கும் இயந்திர அறையில் இருக்கிறேன். என் டைரக்டரி பத்திரமாக இருக்கிறது, ஆகவே வட்டில் கோளாறு இல்லை. இடமும் தாராளம். பயனர் பட்டியலைத் திறந்தேன். லாரன்ஸ் என்ற வரியே இல்லை. பொது இடத்தில் கிடக்கும் அவனுடைய கோப்புகளில், உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண் நிற்கிறது. ஆளையே அழித்தால்தான் இப்படி வரும். தானாக நடக்கிற காரியமில்லை. எவனோ கை வைத்திருக்கிறான்.

நாள் 212, பகல் 1.25

அதே எண்ணில் அவனை மறுபடி உண்டாக்கி, போன வாரத்து நகலிலிருந்து டைரக்டரியை இறக்கினேன். அவசரத்தில் உரிமையை மாற்ற மறந்துவிட்டேன். அது நான் பராமரிப்புக்குப் பயன்படுத்தும் நிர்வாகி பெயரிலேயே நின்றது, அவனுக்கே அவன் டைரக்டரிக்குள் அனுமதி இல்லை. தலையில் அடித்துக்கொண்டு அதையும் மாற்றினேன். லாரன்ஸ் லாகின் போட்டான். பச்சை விளக்கு எரிந்தது. உடனே அணைந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் பெயர் பட்டியலிலிருந்து மறுபடி காணாமல் போனது.

தரையிலிருந்து மேலாளர் ஜெகவீரன், பொது அலைவரிசையில், லாரன்ஸுக்கும் கேட்கும்படி: “சுடலைவடிவு அம்மா, அதைத் தொடாதீங்க. நாங்கதான் எடுத்தோம். காத்து தயாரிக்கிற எந்திரத்துல பாதி போயிடுச்சு. அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் ஒருத்தருக்குத்தான் தாங்கும். எந்திரத்தைப் பாத்துக்க நீங்க வேணும்.”

எந்திரம் பழுதான எச்சரிக்கையை என் திரைக்கு வராமல் மறைத்திருக்கிறார்கள்.

லாரன்ஸ்: “அக்கா, வெளியவே சாக விட்றாதீங்க. ஒங்க கால்ல விழுதேன்.”

நாள் 212, பகல் 1.50

நிர்வாகி பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள், நாசமாய்ப் போகிறவர்கள். கணினியை அணைத்து எழுப்பினாலும் அதையே கேட்கும். என்னிடம் மிச்சம் என் சொந்த லாகின் ஒன்றுதான்.

காற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்திரத்தைப் பிரித்துப் பார்க்கிறேன், இரண்டு பேரும் அசையாமல் படுத்துக் கிடக்கிறோம், ஏதோ ஒரு வழி செய்யலாம். உயிரோடு நிற்கிறவனை ஒரு கட்டளையில் அழிக்க இவன்கள் யார்? எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

என் தொழிலில் யாரும் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: பாஸ்வேர்டை அடுத்தவனுக்குச் சொல்வது. சொல்லிவிட்டேன். தரைக்குக் கேட்காத குட்டி வானொலியில், ஒவ்வொரு எழுத்தாக. அவனும் நானும் ஏறக்குறைய ஒரே உயரம், என் அளவுகளே போதும். ஒரு பெயர் ஒரே நேரத்தில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். ஆகவே அவன் நானாக உள்ளே வர, நான் லாக் அவுட் செய்ய வேண்டும், அதை இந்த அறையிலிருந்துதான் செய்ய முடியும். செய்தால் இந்த அறைக் கதவு பூட்டிக்கொள்ளும். அவன் வந்து வெளியிலிருந்து திறந்துவிட வேண்டியதுதான்.

லாக் அவுட் செய்கிறேன்.

நாள் 212, பகல் 2.20

கதவறை நிரம்பும் சத்தம் கேட்டது. வந்துவிட்டான். அப்பாடா! ஊறுகாயாவது மண்ணாவது, உட்கார்ந்து அழுதுவிட்டேன். பூட்ஸ் சத்தம் நடைபாதையில் நெருங்கி வந்து, என் கதவுக்கு வெளியே நின்றது.

நாள் 212, பகல் 2.35

இன்னும் திறக்கவில்லை. கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிவிட்டது. அறையின் விசிறி நின்றுபோயிற்று. கணினியைப் பொறுத்தவரை இங்கே யாரும் இல்லை, ஆளில்லாத அறைக்கு அது காற்று விடாது.

ஒலிபெருக்கியில் ஜெகவீரன்: “சுடலைவடிவு அம்மா, நிலையத்துல ஒருத்தர்னு காட்டுது. லாரன்ஸ் விஷயத்துல எங்களுக்கும் வருத்தந்தான். நீங்க நல்லா இருக்கீங்களா?”

பதில் எழுத்தாகப் போனது, என் பெயரில். சுவர்த் திரையில் படித்தேன்: “நலம். தனியாகத்தான் இருக்கிறேன்.”

நாள் 212, பகல் 2.48

என் பாஸ்வேர்டைப் போட்டேன். தவறு என்றது. அவசரத்தில் தப்பாக அடித்திருப்பேன் என்று மெதுவாகப் போட்டேன். தவறு. மாற்றிவிட்டான்.

உள்பேசியில் லாரன்ஸ்: “அக்கா, மன்னிச்சிருங்க. ஒருத்தருக்குத்தான்னு அவங்களே சொல்லிட்டாங்கல்லா.”

துரோகி. படுபாவி. இன்னும் அங்கேயேதான் நிற்கிறான், அவன் மூச்சு உள்பேசியில் கேட்கிறது. போகவும் மாட்டேன் என்கிறான்.

நாள் 212

மணி தெரியவில்லை கண் மங்கலாக

அவனிடம் கெஞ்சினேன் எனக்கே கேவலமாக இருக்கிறது

இதை எடுத்தவர்கள் கவனியுங்கள் அங்கே இருப்பவன் நான் இல்லை அவன் எந்தப் பெயர் சொன்னாலும் நம்பாதீர்கள் நான்தான் சுடலைவ