பாயில் உட்கார்ந்தவளுக்கு

இன்று காலை பனியன் கம்பெனியில், செக்கிங் மேசையில் யாரோ கறை எடுக்கும் மருந்தைக் கொட்டிவிட்டார்கள். அந்த நெடி ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. வெள்ளை பனியன்களில் எண்ணெய்க் கறையும் ஊசி குத்திய ரத்தப் பொட்டும் எடுப்பதுதானே உன் வேலை. நாள் முழுக்க நின்ற கால் கடுக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

ஐந்தாம் மாதத்தில் என் பிள்ளை கலைந்த வருஷம் அது. மண்ணரையில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் ஒரு மாதத்துக்கு மேலாகியும் எனக்கு உதிரம் நிற்கவில்லை. வேதத்தைத் திறந்து பார்த்தேன். உதிரம் போகிற பெண் தீட்டு, அவள் உட்காரும் இடம் தீட்டு, அதைத் தொடுகிறவர்களுக்கும் தீட்டு என்று பழைய இஸ்ரவேலருக்குச் சொல்லியிருந்தது. சர்ச்சில் யாரும் என்னை வராதே என்று சொல்லவில்லை. நானாகத்தான் தட்டையும் பாயையும் ஒதுக்கிக்கொண்டேன். பிள்ளை போனதே என் அசுத்தத்தால்தான் என்று எனக்குள் முடிவு கட்டியிருந்தேன். அதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

திருவிருந்து ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும், கட்டிய வெள்ளைச் சேலையோடு நேரே என்னைத் தேடி வந்தாய்.

"பாயத் தொடாத, தீட்டு," என்றேன்.

"நவுருட்டி," என்று பாயிலேயே உட்கார்ந்தாய்.

"வேதத்துல எழுதியிருக்குல்லா?"

"எழுதியிருக்கு. பொணத்தத் தொட்டாலும் தீட்டுன்னுதான் எழுதியிருக்கு. அதுக்காவ பெத்த அப்பன அடக்கம் பண்ணாம விட்டுருவானா? தீட்டு வேற, பாவம் வேற. தொட்டவ குளிச்சு, துணி தொவைச்சா சாயங்காலத்தோட சரி. நான் போய்க் குளிச்சுக்கிடுதேன். ஒனக்கென்ன?"

பிள்ளை கலைந்த பிறகு அப்போதுதான் முதல் தடவையாக அழுதேன்.

என் துணிகளை வாரிக்கொண்டு பொதுக் குழாய்க்குப் போனாய். வீட்டுச் சொந்தக்காரம்மா பார்த்துவிட்டார்.

"ஏனுங் அம்மிணி, மாரியாத்தா நோம்பிக்குச் சாட்டி ஊரே விரதமா இருக்குதுங்க. இதையெல்லாம் இங்க அலசலாமுங்களா?"

நீ சண்டைக்குப் போகவில்லை. "தெரியாமப் பண்ணிட்டேம்மா. ரெண்டு குடம் கோரிக்கிட்டு அந்தப் பக்கம் போயிருதேன். அவளுக்குப் புள்ள தங்கலம்மா," என்றாய். சற்றுப் பொறுத்து அந்த அம்மாவே ஒரு வாளி வெந்நீரை என் வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஷிப்டை விட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாய். உள்ளே மிச்சம் தங்கிச் சீழ் பிடித்திருக்கிறது, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் ஆளே இல்லை என்றார் டாக்டரம்மா. வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தாய். பேச்சு நின்றபோது பார்த்தால், நீ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

போன ஐப்பசியில் ஊருக்குப் போன நீ, காய்ச்சலில் அங்கேயே போய்விட்டாய். எனக்குச் செய்தி வந்தபோது அடக்கமே முடிந்திருந்தது. உன் முகத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்கவில்லை.

உன்னைப் போல எனக்கு ஜெபிக்க வராது. ஞாயிற்றுக்கிழமை உடம்பு எழும்ப மாட்டேன் என்கிறது. பாதி வாரங்கள் சர்ச்சுக்குப் போவதே இல்லை. ஆனால் போன வாரம் பேக்கிங்கில் ஒரிசாப் பெண் ஒருத்தி வாந்தி எடுத்தாள். சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். என் கை தானாகப் போய் அவள் நெற்றியைத் தாங்கியது. சேலையெல்லாம் பட்டுவிட்டது. கழுவிக்கொண்டு ஈரத்தோடே வேலை பார்த்தேன். மறுநாள் மத்தியானம் அவள் சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தியில் என்னவோ சொன்னாள். புரியவில்லை. உன்னைப் பற்றி அவளிடம் சொல்ல எனக்கும் பாஷை இல்லை. என் மீன் குழம்பில் பாதியை அவள் சோற்றில் ஊற்றினேன்.