கத்தரீனா கொண்டுவந்த மா

எஸ்பியர்க், டென்மார்க்
மார்கழி மாதம், ஞாயிறு பின்னேரம்

என் அன்பு மகள் ஜெனுஷாவுக்கு அப்பா சொல்லி எழுதுவிப்பது. இங்கே நானும் அம்மாவும் ஆண்டவர் காவலில் சுகம், பகலிலும் சூரியன் எட்டிப் பார்க்காத அந்த வடநோர்வேத் துரொம்சோவில் நீயும் நோய்நொடியின்றி இருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். எனக்கு எழுத்துத் தெரியாதது உனக்குத் தெரியும், நான் சொல்லச் சொல்ல மேல்மாடித் தேவராசா எழுதுகிறான், ஒரு சொல்லும் கூட்டாதே குறைக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் முழங்கால் முன்னைப்போலத்தான், அம்மாவுக்குப் பிறஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இதையெல்லாம் ரெலிபோனிலேயே சொல்லலாம், ஆனால் வெள்ளிக்கிழமை எங்கள் குசினியில் நடந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ரெலிபோனைக் கையில் எடுத்து எடுத்து வைத்துவிட்டேன்.

உன் வருங்கால மாமி கத்தரீனா வந்திருந்தார். மகன் ஈவார் அனுப்பித்தான் வந்தாரோ தாயாகத் தானே யோசித்து வந்தாரோ தெரியாது, நோர்வேயின் தெற்குக் கரையிலிருந்து கப்பலில் காரை ஏற்றி இறக்கி, மழைக்குள்ளால் தனிய ஓட்டிக்கொண்டு வந்து மணி அடித்தார். அம்மாவின் நிலை உனக்குத் தெரியும்தானே. ஈவாரைக் கட்டப்போகிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து அவள் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. பொடியனில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை, கோயிலில சனம் கேட்டா என்னத்தைச் சொல்லுறது, அதை மட்டும் சொல்லுங்கோ என்று என்னைத்தான் கேட்பாள். சுவாமியார் வந்து கதைத்துப் பார்த்தார், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள். அம்மா வராவிட்டால் கோயிலும் வேண்டாம், கொம்யூன் கந்தோரில் கையெழுத்தைப் போட்டு முடிக்கிறோம் என்று நீ அழுததை நான் அவளிடம் சொல்லவே இல்லை. சொன்னால் இரண்டு பக்கக் கதவும் பூட்டிவிடும் என்று பயந்தேன்.

வாசலில் நிற்கிற மனிசியைத் திருப்பி அனுப்ப அம்மாவால் முடியுமா, உள்ளே வரச் சொன்னாள். கத்தரீனா காரில் கொண்டுவந்த குளிர்ப்பெட்டியைத் திறந்து, முதல்நாளே பிசைந்து வைத்த மாவை எடுத்தார். நத்தார்ப் பண்டிகைக்கு அவர்கள் வீட்டில் பொரிக்கும் பலகாரமாம், பத்திமன் என்று பெயர், ஏழை மனிசன் என்று கருத்தாம். முட்டை மஞ்சட்கரு, கிறீம், சீனி, கொஞ்சம் பிரண்டி எல்லாம் உள்ளே போயிருக்கிறது. இவ்வளவையும் கொட்டினது ஏழைப் பலகாரமோ என்று கேளுங்கோ என்று அம்மா என்னை இடித்தாள். நான் மீன் பக்டரியில் பழகின டெனிஷில் கேட்டேன், செய்து முடிக்கிற வீட்டுக்காரன் ஏழையாகிவிடுவான், அதுதான் அந்தப் பெயர் என்று கத்தரீனா சொன்னார். அம்மா சிரிப்பை மறைக்க மேசை லாச்சியைத் திறந்து மூடினாள். மாவிலிருந்து ஏலக்காய் மணம் வந்தது மகள். ஏலச்செடி முளைக்காத பனிநாட்டில், எத்தனையோ தலைமுறையாக நத்தாருக்கு ஏலக்காய் இடிக்கிறார்களாம். பன்றிக் கொழுப்பில் பொரிப்பதுதான் அவர்கள் முறை, அந்தப் பொட்டலத்தை அம்மா ஒரு விரலால் தள்ளி வைத்தாள். கத்தரீனா கோபிக்கவில்லை, பையிலிருந்து தேங்காய்க் கொழுப்புக் கட்டியை எடுத்து மேசையில் வைத்தார், இங்கே டெனிஷ்காரர் கிளேனர்ப் பலகாரம் பொரிக்க வாங்குகிறார்களே அதே கட்டி. இரண்டையும் யோசித்து வாங்கி வந்திருக்கிறார்.

மாவை மெல்லிசாக உருட்டி, பல்லுச் சில்லால் சாய்வாக வெட்டி, நடுவில் ஒரு கீறல் கீறி, ஒரு நுனியை அந்தக் கீறலுக்குள்ளால் இழுத்து எடுக்க வேண்டும், ஒரு ஆள் கைகட்டி நிற்பதுபோல வரும். அம்மா பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுத் தானும் ஒன்றை எடுத்தாள், கிழிந்துவிட்டது. கத்தரீனா மாவைத் திரும்பவும் குளிருக்குள் வைத்தார், சூடு பட்டால் அறுந்துவிடுமாம். அதற்குப் பிறகு அம்மாவின் கை அவர் கையை முந்திவிட்டது. கொழுப்புக் காய்ந்ததும் கத்தரீனா தட்டை அம்மாவிடம் நீட்டினார், உன் அடுப்பு, முதலாவதை நீதான் போட வேண்டும் என்று. அம்மாவின் முகம் மாறியதை நான் கண்டேன். நீ இங்கே பிறந்த பிள்ளை, உனக்கு விளங்காது. எங்கள் ஆட்கள் கலியாணத்துக்கு முதல் ஒருநாள் சொந்தமும் அயலும் கூடியிருந்து பலகாரம் சுடுவார்கள், பலகாரச் சூடு என்று சொல்வது. முதலாவதை எண்ணெயில் விடுவது வீட்டுத் தலைவி. எங்கள் கலியாணத்துக்குச் சுட்ட அன்று என் தாய் முதற் பணியாரத்தை விட, அது வெடித்து அவவின் கையில் தெறித்தது, அவ கையை உதறவும் இல்லை, அருகில் இருந்த என் சின்னமாமி இது கலியாணப் பெண்ணுக்கு நல்ல சகுனம் என்று சொன்னது இப்போதும் என் காதில் கிடக்கிறது. அம்மா நெற்றியில் சிலுவை போட்டு முதலாவதை விட்டாள். அது அடியில் போய், மெல்ல மேலே எழும்பிப் பொன்நிறமாக ஊதியது.

அந்த நேரம் பார்த்துக் கூரையில் இருக்கிற புகை மணி கத்தத் தொடங்கிவிட்டது. புகை போக நான் வாசற்கதவை அகலத் திறந்துவிட்டேன், மணம் படிக்கட்டு வழியாக மேலே ஏறியிருக்கிறது, ஏறின கையோடு மரினா இறங்கி வந்தாள். இதை எழுதுகிறவனின் பெண்சாதிதான், தேவராசா, இதையும் எழுது, அவளுக்கு வாயில் பூட்டு இல்லை. மேசை நிறைய வெட்டின மா, பெரிய சட்டி, ஏப்ரன் கட்டின வெள்ளைக்கார மனிசி. வேறு எதற்கு ஒரு தமிழ் வீட்டில் இவ்வளவு பொரிப்பார்கள். பவளமக்கா, பெட்டைக்குப் பலகாரச் சூடு வைச்சுப்போட்டு எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே, இவதானோ மாப்பிள்ளையின்ர தாய், நல்ல உயரமான மனிசி, எங்க பிடிச்சனீங்கள் என்று அம்மாவை ஒரே மூச்சில் கேட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். கத்தரீனா ஒன்றும் விளங்காமல் அகப்பையோடு நிற்கிறார். அம்மா பொரிந்ததைப் புரட்டிவிட்டு, ஓம் மரினா, ஜெனுஷாவின்ர பலகாரச் சூடுதான், கையைக் கழுவிப்போட்டு வந்து இரு, மா இளகப்போகுது என்றாள்.

துறைமுகத்தில் காற்றாலை இறக்கையைக் கப்பலில் ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன் மகள், எங்கள் தெருவளவு நீளம், ஆடாமல் அசையாமல் வானத்தில் தொங்கும், அண்ணாந்து பார்த்துக்கொண்டு வேலையை மறந்து நின்றிருக்கிறேன். அப்படித்தான் வெள்ளிக்கிழமையும் நின்றேன். சுவாமியாரால் முடியாததை, என்னால் முடியாததை, ஒரு கதவும் கொஞ்ச மாவும் செய்துவிட்டன. மரினா போய்க் கூப்பிட இன்னும் சில பெண்கள் வந்தார்கள், கத்தரீனாவை நடுவில் இருத்தி, அவருக்கு விளங்காத தமிழில் பகிடி விட்டார்கள், எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டிச் சிரித்தார். சனி விடியக் குசினிக்குப் போக எனக்குப் பயமாக இருந்தது, மனம் திரும்பியிருப்பாளோ என்று. அம்மா தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு, கத்தரீனாவுக்கு ஒரு சேலை எடுக்க வேணும், அந்த உயரத்துக்குச் சேலையின்ர அகலம் காணுமோ என்று கேட்டாள்.

பனியில் சறுக்காமல் சப்பாத்துக்கு முள்ளுப் போட்டு நட, வெயில் இல்லாத ஊர், விற்றமின் குளிசையை விடாதே. மாதா உன்னையும் ஈவாரையும் ஒன்றாகக் காத்து நடத்தட்டும். மரினாவின் தங்கை தை மாதம் யாழ்ப்பாணம் போகிறாள், கலியாணக் கூறையை அவளிடம்தான் வாங்கச் சொல்லப்போகிறோம், அதற்குப் பிளவுஸ் அளவு வேண்டும், பழைய அளவை அனுப்பாமல் புதிதாக எடுத்து உடனே அனுப்பு. அம்மா இன்னொன்றும் சொல்லி எழுதச் சொன்னாள். கலியாணத்தன்று உனக்குக் கூறை உடுத்திவிடுவது தானாம், வேறு ஒருவரையும் அதற்குப் பிடித்து வைக்க வேண்டாமாம்.

என்றும் உன் நன்மையை வேண்டும்
அப்பா செல்வரட்ணம்