மொட்டைக் கழுத்துக் கோழியின் முட்டைகள்

என் பாக்கியம் அக்காவுக்கு,

அங்கே நலமா என்று கேட்டால் நீ சிரிப்பாய். கேட்காமல் எழுதவும் கை வரவில்லை. இங்கே எல்லோரும் சுகம். உன் கொழுந்தனாருக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, வாயும் அப்படியேதான் இருக்கிறது. நீ போன இந்த ஒன்றரை வருஷத்தில் உன்னிடம் சொல்ல எவ்வளவோ சேர்ந்து கிடக்கிறது. இன்றைக்கு ஒரே ஒரு சேதியை மட்டும் சொல்கிறேன். நம் வாசலில் கோழியே இல்லாமல் குஞ்சு பொரித்தது அக்கா.

நம்பமாட்டாய். மேலே படி.

அண்ணனை நீயும் தம்பியை நானும் கட்டிக்கொண்டு ஒரே வாசலுக்கு வந்து சேர்ந்தவர்கள் நாம். நான் வந்த புதிதில் உன்னை “நீங்க” என்று கூப்பிட்டேன். “என்னடி இது, நீங்க வாங்கன்னுக்கிட்டு? நான் என்ன தாசில்தாரா?” என்று அதட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு உன் காலடியில் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. கழுத்தில் ஒரு முடிகூட இல்லை. சீக்குக் கோழி என்று நினைத்துப் பயந்துவிட்டேன். கொடும்பாளூரில் உன் அம்மா வீட்டிலிருந்து கூடையில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்த கோழியின் பேத்தி அது என்றாய். வழியெல்லாம் அது கத்தியதையும் கண்டக்டர் முறைத்ததையும் எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! ஒவ்வொரு தடவையும் கண்டக்டரின் மீசை கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போகும்.

என் கோழிகளுக்கு அடையாளத்துக்குக் காலில் சிவப்பு நூல் கட்டினேன். உனக்கு அந்த வேலையே இல்லை. கழுத்தைப் பார்த்தால் போதும், பாக்கியம் வீட்டுக் கோழி என்று ஊரே சொல்லும். அதில் உனக்கு இருந்த பெருமையைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

இந்தச் சித்திரையில் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தது. உன் கோழி, என் கோழி என்று பார்க்கவில்லை, வாசலையே துடைத்துவிட்டது. உன் மொட்டைக் கழுத்துப் பெட்டை ஒன்று மட்டும் எப்படியோ தப்பியது. ஊரில் மிஞ்சிய ஒரே சேவலான அடுத்த தெருச் சேவலோடு சுற்றிவிட்டு வந்து, ஆவணிக் கடைசியில் முந்திரி விறகுக் கட்டுக்குள் ஒளித்து ஒளித்து முட்டையிட்டது. அடைக்கு உட்காரும் முன்பே ஒரு நாள் மத்தியானம் நாய் பிடித்துவிட்டது. நான் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடிப் போவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. விறகை விலக்கிப் பார்த்தால் எட்டு முட்டைகள்.

அன்று சாயங்காலம் செல்வி போன் பண்ணினாள். உன் மகளைப் பற்றியும் உனக்குச் சொல்ல வேண்டும். நீ போனதிலிருந்து அவள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. முதல் திதிக்கு, கட்டிக்கொடுத்த கோயம்புத்தூரிலிருந்து வந்தவள், சோறு தின்ற கையோடு பஸ் ஏறிவிட்டாள். உன் வீட்டுப் பூட்டைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. “அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல. அங்கிட்டு எனக்கு என்ன சித்தி இருக்கு?” என்றாள். நான் இருக்கிறேனேடி என்று சொல்ல வாய்வரை வந்தது. உன் இடத்தில் நானாகப் போய் உட்காருகிற மாதிரி இருந்தது, சொல்லவில்லை.

போனில் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். “அம்மா கோழி இருக்கா சித்தி?” இத்தனை நாளும் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு உள்ளதைச் சொன்னேன். எட்டு முட்டை கிடப்பதையும் சொன்னேன். அப்புறம், “முட்டைய அடைக்கு வைக்கலாம்ல?” என்றாள்.

“அடைக்கு உக்கார ஊருக்குள்ள கோழி ஏதுடி? எல்லாந்தான் போச்சே.”

“இருங்க, நான் மிஷின் அனுப்புறேன். அந்த வம்சம் நின்னுறக்கூடாது சித்தி.”

ரெண்டே நாளில் கூரியரில் ஒரு தெர்மாகோல் பெட்டி வந்தது. உள்ளே ஒரு சின்ன விசிறி, சூடு காட்ட ஒரு மீட்டர், தண்ணீர் ஊற்ற ஒரு பள்ளம், முட்டைகளைத் தானாகவே அப்படியும் இப்படியும் திருப்பிவிட ஒரு தட்டு. உன் கொழுந்தனார் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். “மதினி இருந்தா இதுக்கு மொதல்ல திருஷ்டி சுத்திப் போட்டிருப்பாக” என்றார்.

உன் முறைப்படித்தான் வைக்கவேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். கூடையில் மணல் பரப்பி, முட்டைகளை அடுக்கி, இடி இடித்தால் கரு கலங்கிவிடும் என்று ஒரு இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போடுவாயே, அதை எப்படி விடுவது? புரட்டாசி இடி வேறு ஆரம்பித்திருந்தது. உடைந்த அரிவாள் துண்டு ஒன்றையும் ரெண்டு கரியையும் கழுவித் துடைத்து மிஷினுக்குள் தட்டின் ஓரமாக வைத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் பெட்டிக்குள் கறகறவென்று ஒரே சத்தம். தட்டு அரிவாளில் மாட்டிக்கொண்டு நகராமல் துடிக்கிறது.

“அறிவு இருக்கா ஒனக்கு? மிஷினுக்குள்ள அரிவாளப் போட்டிருக்கியே!” என்று குதித்தார் அவர். வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த செல்வி, “சித்தப்பா, கத்தாதீங்க. அம்மாவா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருக்கும்” என்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். நான் இரும்பையும் கரியையும் எடுத்துப் பெட்டியின் மூடிமேல் வைத்தேன். இடியை அது பார்த்துக்கொள்ளட்டும், முட்டையை மிஷின் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு வாரம் போனதும் செல்வி சொன்னபடி அறையை இருட்டாக்கி, முட்டைக்கு அடியில் போன் டார்ச்சைப் பிடித்துப் பார்த்தோம். உள்ளே சிவப்பாக, வேர் மாதிரி ரத்த நரம்பு ஓடியிருந்தது. ரெண்டு முட்டையில் ஒன்றுமில்லை, கூமுட்டை. நீ காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தே சொல்லிவிடுவாய்.

பொரிக்க இன்னும் சில நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் பேய் மழை. இடியோடு கரண்டும் போனது. டிரான்ஸ்பார்மர் புகைந்துவிட்டது, சாயங்காலம்தான் வரும் என்றார்கள். மீட்டரும் அணைந்துவிட்டது, சூடு எவ்வளவு என்றே தெரியாது. வெந்நீர் வைத்துப் பாட்டில்களில் ஊற்றி, துண்டு சுற்றி, முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். உன் கம்பளியை எடுத்துப் பெட்டியைப் போர்த்தினேன். நீ படுத்திருந்த கடைசி மாதத்தில் உனக்குப் போர்த்திய அதே கம்பளிதான். ஆறினால் எடுப்பதும் மறுபடி ஊற்றி வைப்பதுமாக இருந்தபோது அழுகை வந்துவிட்டது அக்கா. நீ போன அன்றுகூட வந்தவர்களுக்குக் காபி போடுவதிலேயே என் பொழுது போய்விட்டது. கோழி முட்டைக்காகவா அழுதேன்?

கரண்டு வந்தது. ஒரு நாள் விடிகாலையில் பெட்டிக்குள்ளிருந்து கீச்சுச் சத்தம் கேட்டது. மதியத்துக்குள் நான்கு குஞ்சுகள் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தன. குனிந்து பார்த்தேன். நான்குக்கும் கழுத்தில் முடியே இல்லை! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. செல்விக்குப் போன் போட்டு, “எல்லாமே மொட்டைக் கழுத்துடி! ஒங்க அம்மாவே வந்திருச்சு!” என்று கத்தினேன். “வாரேன் சித்தி, இப்பவே வாரேன்” என்றாள். பின்னால் யாரிடமோ லீவு சொல்கிற சத்தம் கேட்டது.

அவள் பஸ் ஏறிவிட்டாள். இங்கே குஞ்சுகள் காய ஆரம்பித்தன. நம் வீட்டில் குஞ்சு பிறந்த உடனே நாம் எப்போது பார்த்தோம்? தாய்க்கோழி இறக்கைக்குள் வைத்துக் காயவைத்துத்தானே வெளியே விடும். ஈரத்தில் முடி ஒட்டிக்கிடந்தால் எல்லாக் குஞ்சுக்கும் கழுத்து மொட்டையாகத்தான் தெரியுமாம். காயக் காய ஒவ்வொன்றுக்கும் முடி பூத்தது. கழுத்தைச் சுற்றி மஞ்சளாகப் பஞ்சு. நான்கிலும். மற்ற ரெண்டு முட்டைகள் திறக்கவே இல்லை.

பஸ்ஸில் வருகிறவளுக்குப் போன் பண்ண எனக்குத் தைரியம் இல்லை. சேதி தெரிந்து பாதி வழியில் இறங்கித் திரும்பிப் போய்விட்டால்?

இருட்டி வெகுநேரம் கழித்து உன் கொழுந்தனார் கந்தர்வக்கோட்டையிலிருந்து அவளை வண்டியில் கூட்டிவந்தார். செருப்பைக் கழற்றியதும் நேராகப் பெட்டியிடம் போனாள். ஒரு குஞ்சை எடுத்து விரலால் கழுத்தைத் தடவினாள். அடுத்ததை எடுத்தாள். நான் சுவரோரமாகவே நின்றேன்.

“மொட்டைக் கழுத்து எது சித்தி?”

“எதுவும் இல்லடி. ஈரத்துல பாத்து ஏமாந்து போயிட்டேன்.”

என் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள் அக்கா! நீ போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டதில்லை. “அம்மா கோழி போட்ட முட்டைதானே? அப்பறம் என்ன?” என்றவள், என் தோளில் சாய்ந்து அழுது தீர்த்தாள். மறுநாள் உன் வீட்டுப் பூட்டைத் திறந்து கூட்டினாள், மெழுகினாள், விளக்கேற்றினாள். மூன்று நாள் இருந்தாள். மூன்று நாளும் நான்தான் சமைத்தேன். உப்பு குறைவு என்று உன்னைப் போலவே குறை சொன்னாள்.

கிளம்பும் நாளில் பஸ் வருவதற்காக நிற்கிறோம். மெதுவாகக் கேட்டாள். “சித்தி, தீபாவளிக்கு நான் வரலாமா?”

எனக்கு வந்ததே கோபம். “என்னடி கேள்வி இது? பொறந்த வீட்டுக்கு வர எவடி கேட்டுக்கிட்டு வர்றா?” பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. தாய் இல்லாத பெண் அதைக் கேட்கத்தான் செய்வாள். அவள் கேட்கும்படி நான் இத்தனை நாள் வாய்மூடி இருந்திருக்கிறேன். உன் இடத்தில் நான் உட்கார மாட்டேன் அக்கா, அது உன்னுடையது. ஆனால் இனிமேல் அவள் கேட்டுக்கொண்டு வரமாட்டாள். தீபாவளிக்கு வா, பொங்கலுக்கு வா, பிள்ளை உண்டானால் வா என்று நான் முந்திக்கொண்டு கூப்பிடுவேன். வராவிட்டால் கோயம்புத்தூருக்கே போய்ச் சண்டை போடுவேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் ஓரகத்தி,
செல்வி வந்து இறங்கும் வீட்டில் இருக்கிற உன் தங்கச்சி,
வசந்தா