கண்ணாடியில் உன் இடம்

இன்று காலை புதிதாக வாங்கிய வைட்டமின் பாட்டிலைத் திறந்தேன். மூடியைத் திருகியதுமே அந்த வாசனை குப்பென்று வந்தது. என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடிவிட்டாள். நானோ பாட்டிலை முகத்தருகே கொண்டுபோய் இன்னொரு முறை மூச்சை இழுத்தேன். மற்றவர்களுக்கு அது மருந்து வாசனை. எனக்கு அது நம் கம்பெனி பஸ்ஸின் வாசனை. மாத்திரையை எடுப்பதற்கு முன், பொட்டு இருக்கிறதா என்று என் விரல் தானாக நெற்றியைத் தொட்டுப் பார்த்தது. அப்படியே உட்கார்ந்து உனக்கு எழுதத் தொடங்கிவிட்டேன். நீ போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. ஆனாலும் இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

தொண்ணூறுகளின் நடுவில் நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நம் தெரு இருக்கும் போபோடியில், சிக்னலில் ஏறினால் ஆகுர்டி தாண்டி கம்பெனி வாசலில் இறங்கலாம். அவ்வளவு பெரிய மருந்துக் கம்பெனியில் வேலை என்றதும் தெருவே நம்மைத் தேடி வந்தது; பாதிப் பேர் தலைவலி மாத்திரை கேட்டார்கள். மாலையில் நம் வைட்டமின் பிரிவுப் பெண்கள் ஏறியதும் பஸ்ஸில் இருப்பவர்கள் ஜன்னல்களைத் திறந்துவிடுவார்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் வைட்டமின் நம்மை விட்டுப் போகாது. "கட்டிக்கப் போறவனுக்கு வைட்டமின் குறைவே வராதுட்டி" என்று நீ சொன்னதைக் கேட்டுச் சிரித்ததில் நான் இறங்கும் இடத்தைத் தவறவிட்டிருக்கிறேன்.

அந்த வேலைதான் எத்தனை பிடித்திருந்தது. தலை முதல் கால் வரை வெள்ளை உடை. புருவம் வரை இழுத்துவிட்ட தொப்பி. ஏப்ரல் வெயிலிலும் சில்லென்றிருக்கும் கூடம். இயந்திரம் எண்ணிப் போட்ட மாத்திரைகளோடு பாட்டில்கள் ஓடும் பட்டையில் வரிசையாக வரும். மாத்திரைகள் உடையாமல் இருக்க ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு பஞ்சுத் துண்டை இடுக்கியால் அமுக்கி வைப்பது நம் வேலை. மூடி போடுவதற்கு முன் அந்தப் பாட்டிலுக்குள் எட்டிப் பார்க்கும் கடைசி முகம் உன்னுடையது அல்லது என்னுடையது.

எதுவும் அதற்குள் விழுந்துவிடக் கூடாதென்றுதான் கூடத்தில் வளையல் கூடாது, பூ கூடாது, பொட்டும் கூடாது. உடை மாற்றும் அறைக் கண்ணாடியில் அவரவர் பொட்டை ஒட்டிவிட்டுப் போவோம். திரும்பும்போது எடுத்து வைத்துக்கொள்வோம். யாரும் வகுக்காமலே ஒவ்வொருத்திக்கும் அதில் ஓர் இடம் இருந்தது. என் சிவப்புப் பொட்டுக்கு வலப்பக்கம் உன்னுடைய கடுகளவு கறுப்புப் பொட்டு. சூப்பர்வைசர் மேடம் மராத்தியில் டிக்லி என்று சொல்லும் அவருடைய பெரிய குங்கும நிறப் பொட்டு எல்லாவற்றுக்கும் மேலே, பதவிக்கு ஏற்றாற்போல.

அந்த வருடம் உன் அப்பா ஓய்வு பெற்றார். வீட்டைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊரான திருநெல்வேலிக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. "ஏட்டி, எனக்கு அங்க யாரத் தெரியும்? நான் போபோடிக்காரியில்லா" என்று பஸ்ஸில் புலம்புவாய். வேலை நிரந்தரமானால் நீ மட்டும் இங்கேயே இருக்கலாம் என்று அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். நாமோ தற்காலிகம், அவ்வப்போது நிறுத்திவிட்டு மறுபடி எடுப்பார்கள். அந்த நேரத்தில்தான் கம்பெனிக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர் வந்தது. அது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் நிரந்தரப் பட்டியல் வரும் என்று பேச்சு. கேண்டீனில் பரிமாறுகிறவர் வரைக்கும் கப்பல் ஏறப் போகிறவர் மாதிரி நடந்துகொண்டார். நம் பஞ்சு கடல் தாண்டப் போகிறது என்று நீயும் நானும் தரையில் கால் படாமல் திரிந்தோம்.

அந்த ஆர்டர் ஓடிய நாளில்தான் அது நடந்தது. சாப்பாட்டு இடைவேளையில் கண்ணாடி முன் வந்து நின்றோம். என் சிவப்பு இருந்தது. உன் இடம் காலியாக இருந்தது.

"காலைல நான் ஒட்டுனேனாட்டி?"

எனக்கு நினைவில்லை. உனக்கும் இல்லை. தினமும் செய்கிற காரியம் எங்கே நினைவிருக்கும்? தரையில் தேடினோம், தொப்பியை உதறினோம். காலையிலிருந்து நீ குனிந்து பார்த்த பாட்டில்கள் என் கண்முன் வந்தன. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் பாட்டில் வரிசை நிற்கும், உன் பெயர் பட்டியலில் இருக்காது, திருநெல்வேலிக்கு ரயில் டிக்கெட்தான். நான் வாயைத் திறப்பதற்குள் நீ அதைச் சொல்ல வெளியே போய்விட்டாய்.

வரிசை நின்றது. மேடம் மேனேஜரின் அறைக்கும் நம் கூடத்து வாசலுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தார். மூடிய பாட்டில்களை எல்லாம் திறந்து வெள்ளைத் தட்டுகளில் கொட்டினோம். இரண்டு ஷிப்ட் பெண்களும் சேர்ந்து தேடினோம். உன்னை ஒருத்தி கூடத் திட்டவில்லை. ஒருத்தி தன் கணபதிக்கு மோதகம் நேர்ந்துகொண்டாள். நீ தட்டை விட்டுத் தலையே தூக்கவில்லை. பாட்டில்கள் தீர்ந்துகொண்டே வந்தன.

மாலையில் மேடம் கூடத்தின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே வந்து நின்று, கிடைத்ததா என்று கையால் கேட்டார். நீ நிமிர்ந்து பார்த்தாய். பார்த்தபடியே என் முழங்கையைக் கிள்ளினாய்.

"ஏட்டி, அந்தம்மா எப்பவும் பெரிய பொட்டுல்லா வைக்கும்?"

மேடத்தின் நெற்றியில் கடுகளவு கறுப்பு. நீ உன் தொப்பியின் மேல், பொட்டு வைக்கும் இடத்துக்கு நேரே, விரலை வைத்துக் காட்டினாய். அவருக்குப் புரியவில்லை. மறுபடி காட்டினாய். அவர் நெற்றியைத் தடவினார், எடுத்தார், விரல் நுனியைப் பார்த்தார். "அக்க பாய்" என்று, நாம் ஐயோ அம்மா என்பது போல, அவர் உதடு அசைந்தது கண்ணாடி வழியாகவே தெரிந்தது. காலையில் ஆர்டர் கொடுத்தவர்கள் வந்திருப்பதாக அவரை அவசரமாக அழைத்திருக்கிறார்கள். அவருடைய டிக்லி பசை போய் எங்கோ விழுந்துவிட்டது. வந்தவர்கள் முன் வெறும் நெற்றியோடு எப்படி நிற்பது என்று, உடை மாற்றும் அறைக் கண்ணாடியில் கைக்கு எட்டிய ஒன்றை எடுத்து ஒட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

அவர் அதைத் தரையில் உதறியிருக்கலாம். செய்யவில்லை. விரல் நுனியில் பொட்டோடு நேராக மேனேஜரிடம் நடந்து போனார். அதற்காக அவரை நான் இன்றும் கும்பிடுவேன்.

மேனேஜர் வந்தார். உன்னை இந்தியில் கேட்டார், பொட்டு பாட்டிலில் விழுந்ததை நீ பார்த்தாயா என்று.

"பார்க்கவில்லை சார்."

"பிறகு ஏன் சொன்னாய்?"

"விழவில்லை என்றும் பார்க்கவில்லை சார்."

 அவர் தட்டுகளைக் காட்டி, எல்லாவற்றையும் மறுபடி நிரப்பச் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று பட்டியல் வரும் வரை நமக்குத் தெரியவில்லை. ஆர்டர் சற்றுத் தாமதமாகத்தான் கிளம்பியது. பட்டியல் ஒட்டிய அன்று மேடம்தான் முதலில் ஓடிவந்து உன் பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். உன் பெயரை எழுதாவிட்டால் தானும் இந்த வரிசையில் நிற்க மாட்டேன் என்று சண்டை போட்டிருந்தாராம். அன்று பஸ்ஸில் நாம் கத்திய கத்தலில் டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார்.

உன் வீட்டார் ரயில் ஏறினார்கள். நீ என் தெருவிலேயே ஓர் அறை எடுத்தாய். பிறகு அந்தக் கண்ணாடியையே கழற்றிவிட்டார்கள். அவரவருக்கு ஒரு லாக்கர் வந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு பஞ்சுக்கும் இயந்திரம் வந்தது. நீ சூப்பர்வைசர் ஆனாய். புதிதாக வரும் பெண்களிடம், "பாக்கலைன்னா பாக்கலைன்னு சொல்லு. இல்லைன்னு சொல்லாதே" என்று மூன்று மொழியிலும் சொல்வாய். உன் வியாதியைப் பற்றி டாக்டரிடமும் அதையேதான் சொன்னாய். அவர் பாவம், முழித்தார். உன்னை நினைத்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் சிரிப்பு வந்துவிடுகிறது. அழுகை பின்னாலேயே வருகிறது, அதையும் மறைக்கவில்லை.

என் குளியலறைக் கண்ணாடியில் என் சிவப்புப் பொட்டு இருக்கிறது. அதற்கு வலப்பக்கம் மகள் தன்னுடையதை ஒட்டிவிடுவாள். நான் அதை எடுத்து இடப்பக்கம் மாற்றிவிடுவேன்.

"அங்கதான் யாரும் இல்லையேம்மா" என்று நேற்றும் கேட்டாள்.

"யாரும் இல்லைன்னு நீ பார்த்தியா?" என்றேன்.