முன்னாடியே அடித்த பேனர்

மே 15, வியாழன்

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டது. மது பள்ளியில் மூன்றாவது. சிரித்துக்கொண்டேதான் ஓடிவந்து சொன்னாள் என் மகள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

முதலிடம் அவளுக்குத்தான் என்று போன வாரமே பேனர் அடித்து வைத்திருந்தேன். அவள் படம், 'பள்ளியின் முதல் மாணவி', மார்க் போட மட்டும் காலி இடம். வரிச்சிக்குடி பஸ் ஸ்டாப்பில் கட்ட வேண்டியது, கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தது.

இரண்டு வருஷம் விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பினேன். அம்பகரத்தூர் திருவிழாவுக்குக்கூட விடவில்லை. முதலிடம் வேண்டுமென்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குத்தான் வேண்டியிருந்தது. எதற்கு என்று யோசித்தால் அந்த பஸ் ஸ்டாப்தான் ஞாபகம் வருகிறது.

சாயங்காலம் மழை பிடித்தது. விறகை மூட ஏதாவது எடுத்து வரச் சொல்லி மதுவை அனுப்பியிருக்கிறாள் அவள் அம்மா. நான் கொல்லைக்குப் போனபோது மது நனைந்துகொண்டே பேனரின் மூலைகளில் செங்கல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"படம் தெரியாம கவுத்துப் போட்டுட்டேம்ப்பா. யாரும் பாக்க மாட்டாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மணி பன்னிரண்டு. அவள் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது. படிக்க இனி ஒன்றுமில்லை.