பெகிமாயைத் தலாஸுக்கு அனுப்புவது பற்றி

கொச்கோர்,
மார்ச், முதல் ஞாயிறு.

அன்புள்ள துர்சுனாய்க்கு,

ஜூமார்த் எழுதிக்கொள்வது. இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பாதியை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் பாய்ந்து, யாருக்கு என்ன என்று தேடுவாய். பெகிமாயின் இருமல்கூடப் போன வாரத்தோடு நின்றுவிட்டது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் மூன்று பிள்ளைகளும் பிடுங்கிக்கொள்கிறார்கள். அவர்கள் தூங்கிய பிறகு பேசலாம் என்றால், அங்கே உன் அறை நிறையப் பெண்கள். போன முறை நான் கொஞ்சம் குரலை உயர்த்தியதும் பின்னால் ஒருத்தி, "என்னடி, உன் வீட்டுக்காரரு அங்கேருந்தே அடிப்பாரு போலிருக்கே" என்று சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. நீ போனை வைத்துவிட்டாய். நான் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுபோயிற்று. பக்கத்து வீட்டு டமீரா செவ்வாய்க்கிழமை மாஸ்கோவுக்குத் திரும்புகிறாள். அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே உப்புத் தயிர் உருண்டைகளும், பெக்தூருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் இருக்கின்றன. தையற்கூடத்தில் எல்லோருக்கும் பங்கு வைத்துவிட்டு நீ வெறும் கையை நக்கிக்கொண்டு நிற்காதே.

முதலில் வீட்டு நடப்பைச் சொல்லிவிடுகிறேன். நீ அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போன அட்டவணை முதல் மாதமே தோற்றுப்போயிற்று. அது நீ ஒருத்தி செய்வதற்காகப் போட்டது. அதில் ஒரே ஆள் ஒரே நேரத்தில் மாவும் பிசைய வேண்டும், மாடும் கறக்க வேண்டும், பெக்தூரைப் படுக்கையிலிருந்து இழுத்தும் போட வேண்டும். நீ எப்படிச் செய்தாய் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பத்து வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன், பார்க்கவே இல்லை.

இப்போது வேறு மாதிரி பிரித்துக்கொண்டிருக்கிறோம். நான் பிஷ்கெக் ஓட்டத்தை விட்டுவிட்டு நரினுக்கு வேன் ஓட்டுகிறேன், சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். காலையில் அடுப்பு மூட்டுவது நான், சாம்பல் அள்ளுவது பெக்தூர். பெரியவள் மீரிமுக்குக் காலைப் பள்ளி. பெக்தூருக்கு மதியப் பள்ளி, அதனால் பெகிமாயை மழலையர் பள்ளியில் கொண்டுபோய் விடுவது அவன் வேலை. மீரிம் மத்தியானம் வந்து சூப்பைச் சூடாக்கித் தம்பிக்குக் கொடுத்து அனுப்புகிறாள். சாயங்காலம் சின்னவளை அழைத்து வருவது நான். அவளுக்கும் ஒரு வேலை வேண்டும் என்று அடம்பிடித்தாள். கோழிக்குத் தீனி போடுவதும் கரண்டிகளை எடுத்து வைப்பதும் அவளுடையது. வேறு யாராவது கரண்டியைத் தொட்டால் அன்றைக்கு வீடு இரண்டுபடும்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய வேலைகள் எல்லாம். நூடுல்ஸுக்கு மாவு பிசைந்து, நறுக்கி, காயப்போட்டு வைத்துவிட்டால் வியாழன் வரை கவலையில்லை. எலும்பு சூப்பைப் பெரிய பானையில் வைத்து வெளியே குளிரில் இறக்கிவிடுகிறோம். துணி துவைப்பது மட்டும் கரண்டைக் கேட்டுத்தான். விளக்கு கண் சிமிட்டாமல் எரிகிற நாளில் இயந்திரத்தைப் போடுவோம். செத்தவர்களை நினைத்து வெள்ளிக்கிழமை எண்ணெய் காயவைத்துப் போர்சோக் ரொட்டி பொரிப்பதையும் ஞாயிற்றுக்கிழமைக்கே மாற்றிவிட்டேன். வெள்ளியன்று நான் வந்து மாவு பிசைந்து பொரிப்பதற்குள் பிள்ளைகள் பசியோடு தூங்கிவிடுகிறார்கள். செத்தவர்களுக்கு எண்ணெய் வாசனைதானே வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வந்து முகர்ந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். நீ இதைப் படித்துப் பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது.

அப்புறம் மாடு. நான் போனால் காலை உதைத்துக்கொண்டு ஒரு சொட்டுப் பால் விடமாட்டேன் என்கிறது. மீரிம்தான் வழி சொன்னாள். "அப்பா, அம்மாவோட நீலத் தலைக்குட்டையைக் கட்டிக்கிட்டுப் போங்க. அதுக்கு அம்மா வாசனைதான் தெரியும்." கட்டிக்கொண்டு போனேன். நின்றது. இரண்டு மாதமாகத் தலைக்குட்டையோடுதான் கறக்கிறேன். தெருவில் இதற்காக எனக்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள், அதை எழுதமாட்டேன்.

இனி மச்சான் வந்த கதை. உன் அண்ணன் அவர் பக்கத்தை உனக்குப் போனில் சொல்லிவிட்டார். என் பக்கத்தை நீ கேட்கவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் பெகிமாயை மழலையர் பள்ளியிலிருந்து யாரும் அழைத்து வராமல் விட்டோம் அல்லவா. மீரிம் போவாள் என்று நானும், நான் போவேன் என்று அவளும் நினைத்துவிட்டோம். இருட்டிய பிறகு காவலாளி அவளைத் தன் கோட்டுக்குள் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து விட்டுப் போனார். அந்தச் செய்தி எப்படியோ தலாஸ் வரை போய்விட்டது. அதற்காகத்தான் மச்சான் ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து வந்திருந்தார். அதில் எனக்கு வருத்தமில்லை. மருமகளுக்காக வரவில்லை என்றால் அவர் என்ன தாய்மாமன்.

ஆனால் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. சொல்லாமல் வந்தார். நான் தலையில் உன் குட்டையும் கையில் பால் வாளியுமாகத் தொழுவத்திலிருந்து வெளியே வருகிறேன், அவர் வாசலில் நிற்கிறார். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரும்மா நீ? ஜூமார்த் வீட்ல இருக்கானா?" என்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினார். "என்ன மாப்ள, இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே? எண்ணெய் வாசனையே காணோமே" என்றார். நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அதற்குள் மீரிம், "நாங்க ஞாயித்துக்கிழமைக்கு மாத்திட்டோம் மாமா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். மச்சான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு, "எங்கப்பா ஞாயித்துக்கிழமை வரைக்கும் உன் வீட்டு வாசல்ல பசியோட நிக்கணுமா மாப்ள?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உன் அப்பா என்னை எவ்வளவு நன்றாக வைத்திருந்தார் என்று உனக்குத் தெரியும்.

அப்போதுதான் அந்தத் தப்பு நடந்தது. மழலையர் பள்ளி விடும் நேரம் நெருங்கிவிட்டது. ஜனவரிக்குப் பிறகு ஒரு நாளும் நான் அதற்குப் பிந்தியதில்லை, செத்தாலும் பிந்தமாட்டேன் என்று பிள்ளையிடம் சொல்லியிருந்தேன். என் மனசு முழுக்க அங்கே இருந்தது. கை மட்டும் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தது. வீட்டில் நாங்கள் நாலு பேரும் அவசரக்காரர்கள். ஒருத்தர் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. அதனால் கிண்ணத்தை நிறைத்து ஊற்றிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அதே பழக்கத்தில் மச்சானுக்கும் விளிம்பு தளும்ப ஊற்றி நீட்டிவிட்டேன்.

அவர் கிண்ணத்தை வாங்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். நான் செய்தது எனக்கு உறைத்தபோது நேரம் கடந்துவிட்டது. "நெறைச்சு ஊத்திட்ட மாப்ள. குடிச்சிட்டுக் கெளம்புன்னு இதைவிட மரியாதையா யாரும் சொல்ல முடியாது" என்றார். எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். நான் காலில் விழாத குறைதான். "மச்சான், அப்படி இல்ல மச்சான், புள்ளைய அழைக்கப் போகணும், அந்த ஞாபகத்துல…" என்று உளறினேன். "வா, நானும் வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தார்.

பெகிமாய் மாமாவைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவர் அவளைத் தூக்கிக்கொண்டார், முகமே மாறிவிட்டது. "மாமாகூட தலாஸ் வர்றியா கண்ணு? அத்தை உனக்குப் புதுச் சட்டை தச்சு வச்சிருக்கா. மூணு அண்ணனுங்க இருக்காங்க, உன்னைக் கீழேயே விடமாட்டாங்க" என்றார். அவள் ரொம்ப யோசித்துவிட்டு, "வர முடியாது மாமா. கோழிக்கு யாரு போடுவா? கரண்டி யாரு வைப்பா? அது என் வேலை" என்றாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது துர்சுனாய். அவரும் உருகிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் அவளைக் கீழே இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பி, "அஞ்சு வயசுப் புள்ளைய வேலைக்காரி ஆக்கி வச்சிருக்கியேடா" என்றார். இரவு தங்கவும் இல்லை. பஸ் நிலையத்திலிருந்து உனக்குப் போன் போட்டிருக்கிறார். நீ "சரி அண்ணா, நூருஸ் பண்டிகை முடிஞ்சதும் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லியிருக்கிறாய். இதை நீ என்னிடம் சொல்லவில்லை. அவர்தான் மறுநாள் போனில் சொன்னார்.

உன்மேல் கோபமாகத்தான் இருந்தேன். இரண்டு நாள் வேனில் ஏறியவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். பிறகு அவர் சொன்னதை நானே யோசித்துப் பார்த்தேன். ஐந்து வயதில் அவள் விளையாட வேண்டும்தான். இங்கே அவளோடு விளையாட யாருக்கும் நேரமில்லை, அதனால்தான் அவள் வேலை கேட்டாள் என்று எனக்கும் தெரியும். உன் கலிபா அண்ணி நல்லவள், பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்ப்பாள். அவர்களுக்கும் ஒரு பெண் வேண்டும் என்று பல வருஷ ஆசை. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் உன் சித்தி மகள் செய்ததை நீயும் பார்த்தாய். ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் என்றுதான் பிள்ளையைப் பெரியப்பா வீட்டில் விட்டாள். இப்போது அந்தப் பையன் வளர்த்தவளை அம்மா என்கிறான், பெற்றவளை அக்கா என்கிறான். அவள் விருந்தாளி மாதிரி பொம்மை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். திரும்பக் கேட்க முடியாது, கேட்டால் ஊர் சிரிக்கும். நம் பக்கத்தில் கொடுத்த பிள்ளையை யார் திருப்பி வாங்கியிருக்கிறார்கள், சொல்.

இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் திண்டாட்டமாக இருந்தது. வீடு நன்றாக நடக்கிறது என்று எழுதினால், நான் இல்லாமலே நடக்கிறதே, இன்னும் ஒரு வருஷம் இருந்துவிட்டு வரலாம் என்று நினைப்பாய். நடக்கவில்லை என்று எழுதினால், பிள்ளையை அண்ணனிடம் அனுப்புங்கள் என்பாய். அதனால் உள்ளதை எழுதுகிறேன். வீடு நடக்கிறது. சாதம் வேகிறது, ரொட்டி இருக்கிறது, சட்டை வெளுப்பாக இருக்கிறது, யாரும் பள்ளிக்குப் பிந்துவதில்லை. ஆனால் இரவில் சாப்பிட உட்கார்ந்தால் நாலு பேரும் அவரவர் வேலையை முடித்த ஆட்கள் மாதிரி பேசாமல் சாப்பிடுகிறோம். உன்னைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை. எடுத்தால் யார் முதலில் அழுவது என்று பயம். முதலில் அழப்போவது நான்தான், பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

வருகிற கோடையோடு வந்துவிடுவதாகச் சொன்னாய். பிறகு இலையுதிர் காலம் என்றாய். இப்போது அந்தப் பேச்சே இல்லை. நானும் கேட்பதில்லை, கேட்டால் அதைவிடத் தள்ளி ஒரு காலத்தைச் சொல்லிவிடுவாயோ என்று. பெகிமாய் இந்த வீட்டில் இருக்கும்வரை நீ வருவாய் என்று எனக்குத் தைரியம் இருக்கிறது. அவள் தலாஸுக்குப் போய்விட்டால் அந்தத் தைரியம் எனக்கு இருக்காது. இதைப் போனில் சொல்ல எனக்கு வரவில்லை.

மச்சான் நூருஸ் முடிந்ததும் வருவார். அவர் வாசலில் வந்து நின்றால் நான் தடுக்க முடியாது. உன் சொல் அவரிடம் இருக்கிறது, என்மேல் அந்தக் கிண்ணத்தின் குற்றமும் இருக்கிறது. கொடுத்த சொல்லை நீதான் திரும்ப வாங்க வேண்டும். இது கிடைத்த அன்றே அவருக்குப் போன் போடு. என்னைத் திட்டுவதாக இருந்தால் அதற்கு அப்புறம் திட்டு. வேண்டாம் அண்ணா என்று மட்டும் சொல். ஏன் என்று கேட்டால், பிள்ளையைப் பிரிய அவள் அப்பனுக்கு மனசு வரவில்லை, அழுகிறான் என்று சொல். ஆம்பளையா அவன் என்று சிரிப்பார். சிரிக்கட்டும்.

குளிரில் நடந்து போகாதே, காதை மூடிக்கொள். கண் வலித்தால் இரவு வேலைக்கு ஒத்துக்கொள்ளாதே. நீ கிளம்பிய அன்று தெருவே கூடி நின்று உன் வழி வெள்ளையாக இருக்கட்டும் என்று வாழ்த்தியது. நானும் அவர்களோடு நின்று வாழ்த்தினேன், வேன் தெருமுனையில் திரும்பும்வரை கையை அசைத்தேன். அது போகிற வழிக்கு. வருகிற வழிக்கு இதுவரை உன்னை யாரும் வாழ்த்தவில்லை. நான் வாழ்த்துகிறேன். உன் வழி வெள்ளையாக இருக்கட்டும், துர்சுனாய். வந்துவிடு.

இப்படிக்கு,
உன் பிள்ளைகளின் தகப்பன்,
ஜூமார்த்.