பிப்ரவரியில் வந்துவிடுவேன்

இலோயிலோ, பிலிப்பைன்ஸ்
14 ஆகஸ்ட் 2023, திங்கள்

அன்பு அக்காவுக்கு,

பிரேம் எழுதுகிறேன். நான் சுகம். அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது என்று நீதான் உள்ளதைச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை எங்களுக்கு ஓய்வு நாள், அன்றுதான் வீட்டுக்குக் கூப்பிட முடியும். கூப்பிட்டால் அம்மா ஒன்றுமில்லை என்கிறாள். அப்பா டீக்கடையை விட்டு வருவதில்லை. நீ ஆற்றுக்கு அப்பால் தன்லியின் ஊர்த் தொழிற்சாலையில் இருக்கிறாய். அதனால் உனக்குக் கடிதம். தமிழில் பிழை இருந்தால் சிரிக்காதே. ஆறு மாதமாகத் தமிழ் பேச இங்கே ஆளில்லை.

அங்கே என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். காலை ஆறரைக்கு எழுந்து வேதம் படிக்கிறோம், இந்த ஊர்ப் பாஷை படிக்கிறோம். பிறகு வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை. அதில் ‘எல்டர் பிரேம்நாத்’ என்று இருக்கும். எல்டர் என்றால் மூப்பர். இருபது வயதில் மூப்பர் ஆகிவிட்டேன். என்னோடு எல்டர் ஒகாம்போ என்ற செபுத் தீவுப் பையன். குளிக்கும் நேரம் தவிர ஒருவரை ஒருவர் விட்டுப் பிரியக் கூடாது என்பது எங்கள் சபையின் விதி. அவன் தூக்கத்தில்கூடப் பாடுகிறான்.

வெயிலில் வீடு வீடாகப் போகிறோம். என் முகத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் “பும்பாய், பும்பாய்” என்று கத்துகிறார்கள். குடையும் கொசுவலையும் விற்கிற இந்தியர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஏசுவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால் சிரிக்கிறார்கள். போன வாரம் ஒரு பெரியவர் எங்களை உட்காரவைத்துக் காபி கொண்டுவந்தார். எங்கள் சபையில் காபி, டீ கூடாது, குடிக்க மாட்டோம் என்றதும் அவர் முகம் சுருங்கியது. அப்பாதான் அங்கே நிற்கிறாரோ என்று இருந்தது.

எங்கே உட்கார்ந்தாலும் எழுந்திருக்கச் சொல்லி உள்ளுக்குள் ஏதோ நச்சரிக்கிறது அக்கா. சரியாகத்தான் வந்தேனா என்று தெரியவில்லை.

உன் தம்பி
பிரேம்

—

பசுந்தாங், யாங்கூன்
3 செப்டம்பர் 2023

தம்பி பிரேமுக்கு,

சத்யபாமா எழுதிக்கொள்வது. உன் தமிழ் நன்றாகத்தான் இருக்கிறது. நான்தான் ஆபீசில் நாள் முழுக்கப் பர்மா பாஷையில் எழுதி எழுதி ‘ண’வையும் ‘ன’வையும் மறந்துவிட்டேன்.

அம்மாவுக்கு ராத்திரியில் இருமல் விடுவதில்லை. டாக்டரிடம் போகலாம் என்றால் காளி கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி வருகிறாள். கரெண்டு வந்த நேரம் பார்த்துத் தண்ணீர் ஏற்றி, சோறு வடித்து, பஸ் பிடித்துப் பாலம் கடந்து தொழிற்சாலைக்குப் போவதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிடுகிறது.

அப்பாவின் கோபம் தணியவில்லை. நீ சனிக்கிழமை அந்தச் சபையின் இலவச இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறாய் என்று அவரே ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். நீ ஞானஸ்நானம் எடுத்ததைக்கூடப் பொறுத்திருப்பார். டீ குடிப்பதை விட்டதைத்தான் தாங்க முடியவில்லை. யாராவது உன்னைப் பற்றி விசாரித்தால், “இந்தத் தெருவுக்கே டீ ஊத்துறவன் நானு. எம் மவனுக்கு அது பாவமாம். அப்ப நான் யாரு, பாவத்த விக்கிறவனா?” என்கிறார்.

ஒரு சேதி. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. என்னோடு படித்த அஸ்மாவை நினைவிருக்கிறதா? பினாங்கில் ஒரு துணிக் கம்பெனியில் இருக்கிறாள். கணக்குப் பார்க்க என்னைக் கூப்பிடுகிறாள். அவளுடைய முதலாளியம்மா எனக்காகக் காத்திருக்கவும் தயாராம். எனக்கு இருபத்தெட்டு ஆகிறது. இதுவரை நான் போன தூரம் தன்லியின் பாலம்தான். ஆனால் இவர்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு எப்படிப் போவேன்? நீ வந்து வீட்டில் இருந்தால்தான் நான் காலை எடுத்து வைக்க முடியும்.

உன் ஊழியத்தின் இரண்டு வருஷத்தை அவர்கள் குறைக்க மாட்டார்களா? கேட்டுப் பார்.

அக்கா
சத்யா

—

இலோயிலோ
8 ஜனவரி 2024, திங்கள்

அன்பு அக்காவுக்கு,

கேட்டுப் பார்த்தேன். எங்கள் மிஷன் தலைவர் கோபிக்கவில்லை. “நீயாக விரும்பி வந்தாய், நீயாகப் போகலாம். நாலு நாள் ஜெபம் பண்ணிவிட்டுச் சொல்” என்றார். ஜெபத்தில் பதில் ஒன்றும் வரவில்லை. பெட்டியைக் கட்டிவிட்டேன். ஒகாம்போ அன்று முழுக்கப் பாடவில்லை.

மூன்றாம் நாள் பெரிய மழை. ஆற்றோரத்தில் நெலியா என்று ஒரு பெண் இருக்கிறாள். புருஷன் கப்பலில் வேலை. நாங்கள் போனால் கதவைத் திறக்கவே மாட்டாள். அன்று அவளே ஓடி வந்து எங்களைக் கூப்பிட்டாள். மாமியாருக்குப் பக்கவாதம், வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நானும் ஒகாம்போவும் அந்த அம்மாவை நாற்காலியோடு தூக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அந்த அம்மா என் டையை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தாள். நான் மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அவர்களும் கேட்கவில்லை. திரும்பி வந்து பெட்டியை அவிழ்த்துவிட்டேன். இதற்கு மேல் எனக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை.

என்மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன். அடுத்த வருஷம் பிப்ரவரியில் என் காலம் முடிகிறது. ஒரு நாள்கூடத் தங்காமல் வந்துவிடுவேன். அப்பாவோடு கடையில் நிற்பேன். அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போவேன். உன்னை விமானத்தில் ஏற்றிவிடுவது என் பொறுப்பு. அஸ்மாவைக் காத்திருக்கச் சொல்.

தம்பி
பிரேம்

—

பசுந்தாங்
17 மார்ச் 2024

தம்பிக்கு,

இங்கே வந்திருக்கிற சட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். உன் வயதுப் பிள்ளைகளின் பெயரையெல்லாம் எடுக்கிறார்கள். அதற்கு மேல் எழுதவில்லை. புரிந்துகொள்.

வியாழக்கிழமை வார்டு ஆபீசிலிருந்து இரண்டு பேர் கடைக்கே வந்தார்கள். நான் லீவில் இருந்ததால் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். “ஊ குழந்தைவேலு, உங்க பையன் எங்கே?” என்று அப்பாவை மரியாதையாகத்தான் கேட்டார்கள். அப்பா டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. பர்மா பாஷையில், கடையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “அவன் துறவி” என்றார்.

அவர்களுக்குச் சந்தேகம். “தமிழர்ல என்ன துறவி? இந்துதானே நீங்க?”

“நாங்க இந்து. அவன் கிறிஸ்துவன். தாய் தகப்பன் பேச்சக் கேக்காம போனான். டீ கிடையாது, சிகரெட் கிடையாது, பொண்ணுங்களோட பேச்சு கிடையாது. தெனமும் வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டுச் சாமியப் பத்திப் பேசிக்கிட்டுத் திரியறான். இதுக்குத் துறவின்னு சொல்லாம வேற என்னா சொல்றது?”

இடுப்பிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். பெயர்ப்பட்டையோடு நீ நிற்கிற படம். அதை அவர் எப்போது அம்மாவின் போனிலிருந்து எடுத்துவைத்துக்கொண்டார் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அவர்கள் படத்தைப் பார்த்தார்கள், தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒருவர், “சமயத் தொண்டில் இருக்கிறவரை இப்போதைக்குத் தொட மாட்டோம். முடிந்து வந்ததும் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்” என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார்.

அன்று சாயங்காலம் அப்பா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “அவன் அங்க வீடு வீடாப் போயி என்னாதான் சொல்றான்? ஒனக்கு எழுதினானா?”

நெலியாவின் மாமியார் கதையைப் படித்துக் காட்டினேன். கிளாஸ்களைக் கழுவிக்கொண்டே, “நாக்காலியோடயா தூக்குனான்?” என்றார்.

அக்கா
சத்யா

—

இலோயிலோ
4 நவம்பர் 2024, திங்கள்

அன்பு அக்காவுக்கு,

நாள் குறித்துவிட்டார்கள். பிப்ரவரி 18. மணிலா வழியாக யாங்கூனுக்கு டிக்கெட்டை மிஷன் ஆபீசே எடுத்துக் கொடுக்கும்.

போன திங்கட்கிழமை அப்பா வீடியோவில் வந்தார். அம்மா சொல்லித்தான் வந்திருப்பார். “சாப்ட்டியா” என்றார். சாப்பிட்டேன் என்றேன். “எளைச்சிட்ட” என்றார். அவ்வளவுதான். மறுநாள் நானும் ஒகாம்போவுக்குப் பதிலாக வந்த எல்டரும் போன வீட்டில் என்ன பேசினேன் என்றே எனக்கு ஞாபகமில்லை.

இங்கே எல்லோரும் ஊருக்குப் போகாதே என்கிறார்கள். மிஷன் தலைவரும் யோசித்துச் செய் என்கிறார். நெலியாவின் குடும்பம் அறை தருகிறோம், இங்கே கல்லூரியில் சேர் என்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. என் வயதுப் பையன்கள் எல்லாம் அங்கே இருக்கிறார்கள். நான் மட்டும் என்ன? பட்டாளத்துக்குப் பெயர் வந்தால் வரட்டும். ஊழியம் முடிந்தபின் துறவி என்று அப்பா பொய் சொல்லும்படி நான் விட மாட்டேன். உனக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். பினாங்குக்குப் பெட்டி கட்டு.

தூக்கம்தான் வருவதில்லை. நடந்தால் தேவலை போல இருக்கிறது. நடந்தால் உட்காரத் தோன்றுகிறது.

தம்பி
பிரேம்

—

பசுந்தாங்
19 ஜனவரி 2025

பிரேம்,

இதைப் பொறுமையாகப் படி.

எதிர்வீட்டுப் பூக்காரம்மா மகன் ரமேஷ்குமார் மாண்டலேயிலிருந்து தன் அம்மாவைப் பார்க்க வந்தான். பஸ் நிலையத்தில் இறங்கியவனை அங்கேயே வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்விட்டார்கள். அந்த அம்மா ஆறு நாளாக வார்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அவனுக்குப் பிடித்த மொஹிங்கா நூடுல்ஸைத் தூக்குவாளியில் தினமும் கொண்டுபோகிறாள். யார் வாங்கிக்கொள்வார்கள்? சாயங்காலம் அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாள். நேற்று நம் அம்மாவும் அவளோடு போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

நீ வரக் கூடாது. வந்தால் உன்னால் கடையில் நிற்க முடியாது, தெருவில் நடக்க முடியாது, திரும்பி வெளியே போகவும் விட மாட்டார்கள். மற்றப் பையன்களோடு நானும் என்று எழுதியிருக்கிறாய். அவர்களுக்குப் போக வழியில்லை, அதனால் இங்கே இருக்கிறார்கள். உனக்கு வழி இருக்கிறது.

வாக்கைப் பற்றிக் கவலைப்படாதே. பினாங்கு வேண்டாமென்று அஸ்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். அங்கே சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளாது. தொழிற்சாலையிலும் என்னை மேலே தூக்கிவிடுவதாகச் சொல்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் எனக்குப் பெரிய ஆசையும் இல்லை.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொல்கிறார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “அங்கயே இரு. ஒஞ் சாமி ஒன்ன அங்க கொண்டுபோயி வெச்சிருக்கு. நான் கும்புடற சாமியும் அதத்தான் சொல்லுது. நான் நல்லாருக்கேன்.”

ஒருநாள் அம்மா அழுது உன்னை வரச் சொல்லலாம். என்றைக்காவது நானே முடியாமல் போய் வாடா என்று எழுதலாம். அப்போதும் வராதே. இந்தக் கடிதத்தை எழுதிய அக்காதான் உன் அக்கா என்று வைத்துக்கொள்.

சத்யபாமா

—

இலோயிலோ
20 பிப்ரவரி 2025, வியாழன்

என் அக்காவுக்கு,

நேற்று முன்தினம் மிஷன் தலைவர் என்னை ஊழியத்திலிருந்து விடுவித்தார். என்னோடு முடித்தவர்களை வழியனுப்ப விமான நிலையம் வரை போனேன். அவர்களைக் கூட்டிப்போக அந்தந்த ஊரில் யார் யாரோ மாலையோடு காத்திருப்பார்களாம். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். என் டிக்கெட்டை முன்னாலேயே ரத்து செய்துவிட்டார்கள். இருந்தாலும் கதவு மூடுகிறவரை அங்கேயே நின்றேன்.

திரும்பும்போது இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகத் தனியாக ஜீப்பில் ஏறினேன். பக்கத்து இடம் காலியாக இருந்தது. நெலியா வீட்டில் மாடியறையைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தார்கள். ஜூனில் கல்லூரி திறக்கிறது. அதுவரை அவர்கள் கடையில் மீன்பெட்டி இறக்குகிறேன்.

உன் கடிதத்தை அஸ்மாவுக்கு அனுப்பிக் கேட்டேன். மன்னித்துக்கொள். உன் விசாத் தாள்கள் நவம்பரிலேயே வந்துவிட்டன என்றாள். நீ ஜனவரியில் அவளிடம் போனில் அழுதாய் என்றும் சொன்னாள். சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று நீ அவளிடம் சொல்லவே இல்லையாம்.

அப்பாவையும் அம்மாவையும் விட்டுவிட்டு நீ பினாங்குக்குப் போ என்று எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்துவிட்டேன். அம்மாவின் இருமல் என் கண்முன் வந்துவிடுகிறது. நீ போய்விட்டால் ராத்திரியில் அவளுக்கு யார் எழுந்து விளக்குப் போடுவார்கள் என்று நினைக்கிறேன். நினைத்தால் கை நின்றுவிடுகிறது.

இவ்வளவு நாள் வீடு வீடாகப் போய், உண்மையைச் சொல்லுங்கள் என்று ஜனங்களிடம் பேசினேன். அதனால் உனக்கும் உண்மையையே எழுதுகிறேன். நீ போகக் கூடாது என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. நீ அங்கே இரு அக்கா. அவர்களைப் பார்த்துக்கொள்.

பிரேம்